செவ்வாய், வியாழன், சனி

பிஸ்கட் டப்பா மறுபடியும் உர்ரென்றது. மங்கையர்க்கரசி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பார்க்க வேண்டிவரும், பார்த்தால் எழ வேண்டிவரும், எழுந்தால் டப்பாவின் மூடியைத் திறந்து, விதைப் பொட்டலங்களுக்கு நடுவில் தானும் ஒரு பொட்டலமாகக் கிடக்கிற போனை வெளியே எடுக்க வேண்டிவரும். கண்ணை மூடிக்கொள்வது என்கிற ஒரே வேலையால் இத்தனை வேலையைத் தள்ளிப்போட முடியும்போது எவள் எழுந்திருப்பாள்? வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து மணி ஒன்றரை இருக்கும். உறையூரில் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறை, அறையில் ஒரு கோரைப்பாய், பாயில் ஐம்பத்து நான்கு வயசு முழுசாக நீட்டிப் படுத்திருந்தது. வெளியே கார்த்திகை மேகம். மழையாகவும் வராமல், வெயிலையும் விடாமல், வானம் மத்தியானத்தையே கொஞ்சம் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்தது. பந்தலில் கொடிகள் அசைகிற சத்தம் கேட்டது, அல்லது கேட்கிற மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு போனைப் பார்த்தபோது மேலே ஒரு பட்டை வந்து நின்றது. ‘மங்கைக்கா, அந்த போட்டோவுல நீங்க இடது கையில பூவாளி’ என்று இருந்தது. அதற்கப்புறம் மூன்று புள்ளி. அனுப்பியது விதைக் குழுவில் பழக்கமான கவுந்தப்பாடி பூங்கோதை. முழுசாகப் படிக்க ஒரு விரலால் தொட்டால் போதும். அவள் தொடவில்லை. போனை டப்பாவில் போட்டு அழுத்தி மூடிவிட்டு வந்து படுத்துவிட்டாள். பாம்பைப் பிடித்துப் பானையில் போட்ட மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை, டப்பா உறும ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். மங்கையின் இடது கை அவளுக்கு வேண்டுமானால் சாதாரண இடது கையாக இருக்கலாம். மாடித்தோட்ட விதைக் கூட்டம் என்று போனில் நடக்கிற குழுவின் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு அது பதினோரு மாசமாக ஊசி குத்திக் குத்திப் புண்ணாகிப்போன கை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே அனுப்புகிற மெஷினோடு நாலு மணி நேரம் கட்டிப்போடப்படுகிற கை. காலை எட்டு மணிக்கு ‘இன்னைக்கு மெஷின் நாள், கிளம்பிட்டேன்’ என்று எழுதுவாள். மத்தியானம் ‘வந்துட்டேன், அசதியா இருக்கு’ என்று எழுதுவாள். நடுவில் அந்த நாலு மணி நேரமும் இதே மாடியில் தொட்டிகளுக்கு மண் கிளறிக்கொண்டிருப்பாள், போனை அணைத்துவைத்துவிட்டு, மெஷினில் இருக்கிறவள் பதில் போட மாட்டாள் என்கிற நியாயத்தோடு. பொய்யிலும் அவள் ஒழுங்கு. உண்மையில் அந்தக் கைக்கு நேர்ந்த ஆகப்பெரிய கஷ்டம் போன மாசம் கத்தரிச்செடி முள் குத்தியதுதான். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, பாவம், தங்களைப் பற்றி ஊரெல்லாம் என்ன பேச்சு என்று தெரியாமல். இப்போது மங்கை அந்த இடது கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துத்தான் படுத்திருந்தாள். சின்ன வயசிலிருந்தே அப்படிப் படுத்தால்தான் தூக்கம் வரும். எழுதுவது, வெட்டுவது, தூக்குவது எல்லாமே அவளுக்கு இடது கைதான். பள்ளிக்கூடத்தில் அடித்துப் பார்த்தார்கள், திருந்தவில்லை.

அது எப்படி ஆரம்பித்தது என்பதை அவள் பலமுறை திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நல்லவளாகத் தெரிய மாட்டோமா என்று. தெரிவதில்லை. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாரிடமாவது விதை வாங்கினால், காய்த்து முற்றியதும் அதிலிருந்து எடுத்து வேறு இரண்டு பேருக்காவது தபாலில் அனுப்ப வேண்டும். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு, என்ன விதை, எந்தப் பட்டத்தில் ஊன்ற வேண்டும் என்று. அனுப்பாதவர்கள் பேரை வெள்ளிக்கிழமை பட்டியல் போட்டுவிடுவார்கள். மங்கை மூக்குத்தி அவரை விதை தருவதாக ஒன்பது பேரிடம் சொல்லியிருந்தாள், ஒருத்தருக்கும் அனுப்பவில்லை. அனுப்ப நேரமில்லை. அப்போது அண்ணியின் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு போவது, செருப்பைப் பார்த்துக்கொள்வது, வெளி வராந்தாவில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எல்லாம் மங்கை. அந்த வராந்தாவில் நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பட்டியலில் தன் பேரைப் பார்த்தாள். கீழே ஒருத்தி ‘விதைன்னா ஓடி வந்து வாங்கத் தெரியுது’ என்று எழுதியிருந்தாள். மங்கைக்கு முகம் எரிந்தது. ‘மன்னிக்கணும், அண்ணியோட அம்மாவுக்கு டயாலிசிஸ், அதான் முடியலை’ என்று அடித்தாள். அடித்ததைப் பார்த்தாள். அண்ணியின் அம்மாவுக்காக உலகத்தில் யார் இரங்குவார்கள்? விரலை வைத்து அந்த இரண்டு வார்த்தையையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழித்த இடத்தில் ‘எனக்கு’ என்று போட்டாள். நாலே எழுத்து, அதில் ஒரு புள்ளி. அண்ணியின் அம்மா மாசியில் போய்ச் சேர்ந்தாள். நோய் மட்டும் மங்கையிடம் தங்கிவிட்டது.

டப்பா உர்ரென்றது. மூன்றாவது தடவை. தகர டப்பாவில் போட்டால் சத்தம் குறையும் என்று நினைத்தது தப்பு, கூடத்தான் செய்கிறது. அறுபத்து மூன்று பேர், ‘எனக்கு’ என்று எழுதிய அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குள் அறுபத்து மூன்று பேர் பதில் போட்டார்கள். விதை கேட்டுத் திட்டியவளே முதல் ஆளாக வந்து, அக்கா என் நாக்கை அறுத்துக்கணும் என்று அழுதாள். ‘சாப்பிட்டீங்களாக்கா?’ அதுதான் மங்கையை வீழ்த்தியது. யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவள் சாப்பிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளே சமைக்கிறாள், சமைத்தவள் சாப்பிடாமலா இருப்பாள்? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது இரண்டு வருஷம் கூட இருந்தாள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது கூட இருந்தாள். அண்ணிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது கூட இருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் ‘கூட இருக்கிறவங்க யாரு?’ என்று கதவைத் திறந்து கத்தினால் அவளுக்கு உடம்பு தானாக எழுந்து நிற்கும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் கட்டிலில் இருக்கிறவரைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, திரும்பும்போது இவளிடம் ‘உனக்கென்ன மங்கை, நீ கல்லு மாதிரி இருக்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள். நாற்பது வருஷம் கல்லாக இருந்துவிட்டு ஒருநாள் ஒரே ஒரு வார்த்தையில் அவள் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதில் என்ன தப்பு என்று கேட்டுப் பார்ப்பாள். தப்புதான் என்று உடனே பதில் வரும். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லையே என்பாள். பைசாதானே வாங்கவில்லை, வேறென்னவெல்லாம் வாங்கினாய் என்று பதில் வரும். அந்தப் பதில் சொல்கிற குரல் அம்மாவுடையது மாதிரி இருப்பதால் அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

தூக்கம் வந்து ஓரத்தில் உட்கார்ந்தது. வேறென்னவெல்லாம் வாங்கினாய் என்றால், விதை வாங்கினேன். திருப்பி அனுப்ப வேண்டாம்க்கா, நீங்க நட்டு சந்தோசமா இருந்தாப் போதும் என்று எழுதி நாகர்கோவிலிலிருந்து மிதிபாகல், செய்யாற்றிலிருந்து வரிக்கத்தரி, தேனியிலிருந்து ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் அனுப்பிய குடைமிளகாய், அந்த மனுஷன் சீட்டில் ‘தைரியமே மருந்து’ என்று டிக்கெட் கிழிக்கிற கையெழுத்தில் எழுதியிருந்தார். எல்லாம் முளைத்தது. ஒன்றுகூடப் பொய்க்கவில்லை, அதுதான் ஆச்சரியம். மாடி முழுக்கப் பந்தல், பந்தல் முழுக்க அவள் நோய்க்கு வந்த இரக்கம் பூவும் காயுமாகத் தொங்கியது. கண்ணை மூடினால் அந்தப் பந்தலுக்கடியில் நீல நாற்காலிகள் போட்டிருக்கின்றன. வரிசையாகக் குழுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு. கதவுக்கு அந்தப்பக்கம் அவள் படுத்திருக்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் மருந்து வாசனையோடு கொஞ்சம் குளிர்ச்சி வெளியே வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. தெரியாது, ஏனென்றால் அவள் உள்ளே போனதே இல்லை. கூட இருப்பவர்களை உள்ளே விட மாட்டார்கள். பதினோரு மாசமாக அவள் எழுதியதெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்தது மட்டும்தான், கதவுச் சத்தம், எண் கூப்பிடுவது, வெளியே வருகிறவர்களின் சுருங்கிய முகம். படுத்திருக்கிற தன்னைப் பார்க்கக் கனவில் அவள் எட்டிப் பார்க்கிறாள். பாயில் புடலங்காய் படுத்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் விழித்து, விழித்ததும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லாம் அந்தப் பூவால் வந்தது. ஆனியில் பூங்கோதை அனுப்பிய சிறகு அவரை விதை நாலு. ஆடியில் ஊன்றி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாம் இலையாகவே விட்டுக்கொண்டு போக்குக் காட்டிய கொடி, செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் ஒரே ஒரு பூ. வெளிர் நீலம். அந்த நிறத்தில் ஒரு பூவை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. துணி காயப்போட வந்த அண்ணியைப் பிடித்து நிறுத்தி, ‘அண்ணி அண்ணி, ஒரு போட்டோ’ என்று சின்னப்பெண் மாதிரிக் குதித்தாள். அண்ணியும் ஈரப் பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். படத்தில் மங்கை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பூ. அப்படியே குழுவில் போட்டாள். போட்டு அரை மணி கழித்துத்தான் பார்த்தாள், தன் இடது கையில் தளும்பத் தளும்பப் பத்து லிட்டர் பூவாளி. இதோடு, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மெஷின் நாள். பதினோரு மாசத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் நோய் மறந்துபோயிற்று. துக்கத்தில் எல்லாம் கவனமாக இருந்தவள் சந்தோஷத்தில் கோட்டை விட்டாள். படத்தை உடனே குழுவிலிருந்து எடுத்திருக்கலாம். அதற்குள் நூற்றுப் பத்துப் பேர் இதயம் போட்டிருந்தார்கள், ‘இந்த உடம்போட இவ்வளவு சிரிப்பா, நீங்கதான் எங்களுக்குத் தெம்பு’ என்று. எப்படி எடுப்பது?

அந்தப் படத்தை அவளே நேற்று ராத்திரிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளி மங்கையைவிட அந்தச் சிரிக்கிறவளை அவளுக்குப் பிடித்துப் போயிற்று, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் இன்றைக்குக் காலையில் ஒரு முடிவு எடுத்தாள். போதும். இனிமேல் எழுதுவதில்லை. குணமாகிவிட்டது என்று ஒரு புதுப் பொய் சொல்வதும் இல்லை, சும்மா அப்படியே மெதுவாக விலகிவிடுவது. எட்டு மணி அடித்தது, எழுதவில்லை. ஒன்பது, எழுதவில்லை. வியாழக்கிழமை காலை அவள் கையில் முதல் தடவையாகக் காலியாக இருந்தது, உடம்பு லேசாக இருந்தது, சாம்பாருக்குக் கொத்தமல்லி கிள்ளும்போது ஒரு பாட்டுக்கூட முனகினாள். நல்லவளாக ஆவது இவ்வளவு சுலபமா? வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமா? அப்படி நினைத்த அரை நாளுக்குள் பட்டை வந்து நிற்கிறது, இடது கையில் பூவாளி, மூன்று புள்ளி. திருந்துகிற அன்றைக்கே பிடிபடுவது என்ன நியாயம் என்று யாரிடமாவது சண்டைக்குப் போக வேண்டும்போல இருந்தது.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பொள்ளாச்சி நித்யா என்று ஒருத்தி இருந்தாள். வீட்டுக்குள் வெள்ளம் வந்து தொட்டியெல்லாம் போயிற்று என்று எழுதினாள், படம் போட்டாள், அழுதாள். படம் வேறு யாரோ வீட்டுப் படம் என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ராத்திரி குழு முழுக்க அவளைப் போட்டுக் கிழித்தது. நானூறு பேர் எழுதினார்கள். அதில் ஆக அதிகம் பேருக்குப் பிடித்துப்போனது எது தெரியுமா? ‘உண்மையிலேயே நோயில கிடக்கிறவங்க நாங்க இருக்கோம், இப்படியும் மனுஷங்களா!’ என்று எழுதினது. எழுதினது மங்கை. எழுதும்போது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்து கை நடுங்கியது, அதுவும் இடது கை. நித்யா அப்புறம் எந்தக் குழுவிலும் இல்லை. அவள் எங்கேயாவது ஒரு மாடியில் இப்படிப் படுத்திருப்பாளோ? யாராவது அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார்களா? தேனிக் கண்டக்டர் என்ன செய்வார், தைரியமே மருந்து என்று எழுதிய கையால் என்ன எழுதுவார்? ஒன்றும் எழுத மாட்டார், அந்த மாதிரி மனுஷர் பேசாமல் போய்விடுவார், அதுதான் தாங்காது. அப்புறம் அண்ணன் காதுக்கு வரும், அண்ணி காதுக்கு வரும். ‘எங்கம்மா வியாதியையா திருடின?’ என்று அண்ணி கேட்பாள். திருடிய பொருள் கையில் இருந்தாலாவது திருப்பிக் கொடுக்கலாம். செவ்வாய், வியாழன், சனி மூன்றும் போய்விட்டால் அவளுக்கு வாரத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். அந்தப் பயம்தான் பெரிசாக இருந்தது. அவமானம்கூட அதற்கு அப்புறம்தான்.

டப்பா இப்போது விட்டுவிட்டு உறுமவில்லை. நீளமாக உறுமியது. அழைப்பு. மூடியெல்லாம் அதிர்ந்து, உள்ளே விதைகள் சலசலவென்று ஓடின. மங்கை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள், மூச்சு விட்டால் அந்தப்பக்கம் கேட்டுவிடும் என்பதுபோல. நின்றது. மறுபடி உறுமியது. மறுபடி நின்றது. கீழேயிருந்து அண்ணி கமலத்தின் குரல் வந்தது.

“ஏய் மங்கை, மேல என்ன மிக்ஸியா ஓடுது? யாரு போன்லன்னு பாரேன்!”

“யாருமில்ல அண்ணி.”

“யாருமில்லாம எப்படி அடிக்கும்? எடுத்துப் பேசு. எனக்குத் தூக்கம் கெடுது.”

இப்படித்தான் அவள் எழுந்தாள். தைரியம் வந்து எழவில்லை, அண்ணியின் தூக்கம் கெடுகிறது என்று எழுந்தாள். கூட இருக்கிறவளாகவே இருந்து பழகிய உடம்பு அடுத்தவர் தூக்கத்துக்குத்தான் எழும். மணி மூன்று பத்து. விதைத் தூசி படிந்த போனை நைட்டியில் துடைத்தாள். நாலு செய்தி, இரண்டு அழைப்பு. திட்டுவதை நின்றுகொண்டு வாங்க முடியாது என்று தரையில் உட்கார்ந்து படித்தாள்.

‘மங்கைக்கா, அந்த போட்டோவுல நீங்க இடது கையில பூவாளி தூக்கிட்டு நிக்கறீங்க. ஊசி குத்தற கையில கனம் தூக்கக் கூடாதுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இதே மெஷின்தானுங்க, ரெண்டு வருசமாப் பாத்துட்டு இருக்கறேன், எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்கு மெஷின் இல்லைங்கறது இப்பத் தெரிஞ்சதில்லைங்க. ஆடி மாசம் முருங்கைக்கீரை சூப்பு ரெண்டு டம்ளர் குடிச்சேன்னு போட்டீங்களே, அப்பவே தெரியுமுங்க. அவருக்கு அரை டம்ளர் தண்ணிக்கே நான் கணக்குப் பாத்துக் குடுக்கறேன்.’

‘யாருகிட்டயும் நான் சொல்லலைங்க. சொல்லவும் மாட்டேன். அதுக்கு இது எழுதலை.’

‘நீங்க போடறதெல்லாம் நான் அவருக்கு வாசிச்சுக் காட்டுவேனுங்க. அந்தம்மாவே கிளம்பிருச்சாம், எனக்கென்னன்னு எந்திரிச்சு சட்டை போடுவாரு. பதினோரு மாசமா இப்படித்தான் ஓட்டறேன். இன்னைக்கு நீங்க ஒண்ணும் போடலைங்க. காலையில இருந்து மூணு தடவை கேட்டாரு. அந்தம்மாவும் விட்ருச்சாட்ட இருக்குது, நானும் விட்டர்றேன்னு படுத்துட்டாரு. காலு வீங்கிக் கிடக்குது.’

‘நாலு மணிக்கு அவருக்கு முறைங்க. போன தடவை ஒரு நாள் விட்டதுக்கே நெஞ்சுல நீர் கோத்து மூச்சு முட்டிருச்சு. பேசுங்கக்கா. என்னமோ ஒண்ணு சொல்லுங்க.’

கடைசிச் செய்தி ஒன்றே முக்காலுக்கு வந்திருந்தது. ஒன்றே முக்காலிலிருந்து மூன்று பத்துவரை ஒரு மனுஷன் கால் வீங்கிப் படுத்திருந்தான், இவள் பாயில் படுத்துக்கொண்டு தன் மானத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். மங்கைக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. இத்தனை நேரம் வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒரு விளையாட்டு என்று தோன்றியது. அவசரத்தில் எண்ணை இரண்டு தடவை தப்பாகத் தொட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

“அக்கா?” என்றது பூங்கோதையின் குரல். எழுத்தில் பதினோரு மாசம் பழகிய ஆள், குரல் இவ்வளவு களைத்துப்போனது என்று மங்கைக்குத் தெரியாது.

“பூங்கோதை, நான்… எனக்கு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே…”

“அதெல்லாம் வேண்டாமுங்க. நேரமில்லை. அவருகிட்டக் குடுக்கறேன்.”

கட்டில் முனகியது. இழுத்து இழுத்து விடுகிற ஒரு மூச்சு கிட்டே வந்தது. நாச்சிமுத்து என்று பேர் தெரியும், கரும்புக்காடு வைத்திருந்தவர் என்று தெரியும், வேறொன்றும் தெரியாது.

“ஏனுங்க அம்மிணி, நீங்களும் விட்டுட்டீங்களா?”

விட்டுவிட்டேன் என்பதுதான் இன்றைக்கு அவளிடம் இருந்த ஒரே உண்மை. காலையிலிருந்து பத்திரமாக வைத்திருந்தாள்.

“இல்லண்ணே. யார் சொன்னா? இன்னைக்கு மெஷின் ஒண்ணு ரிப்பேருன்னு என்னை மத்தியான முறைக்கு மாத்திட்டாங்க. அதான் காலையில எழுதலை. இந்தா, பொடவைதான் மாத்திக்கிட்டு இருக்கேன்.” எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது! போட்டிருந்த பழைய நைட்டியைக் குனிந்து பார்த்தாள்.

“அப்படிங்களா? நான் என்னமோன்னு நெனச்சுட்டேன். எனக்கு வெறுத்துப்போச்சுங்க. எத்தனை நாளைக்கு இப்படி?”

“எனக்கும் வெறுப்பாத்தாண்ணே இருக்கு. ஆனா நீங்க போகலேன்னா நான் மட்டும் எப்படிப் போறது? நீங்க எந்திரிங்க. நீங்க எந்திரிச்சாத்தான் நான் கதவைப் பூட்டுவேன்.”

அவர் சிரித்த மாதிரி இருந்தது, அல்லது மூச்சு இரைத்தது. “உங்களுக்கு எந்தக் கையிலுங்க?”

“இடது கை.”

“எனக்குந்தானுங்க. சாஞ்சு அந்தக் கைமேல தலை வெச்சுப் படுத்தா, உள்ள ஒண்ணு பாடுமே, கேட்டிருக்கீங்களா? ஊசிக்குன்னு நரம்பைச் சேத்துத் தெச்ச எடத்துல. ஙொய்ங்… ஙொய்ங்னு, வண்டு அடச்ச டப்பாவாட்ட. வெளிய ஒருத்தருக்கும் கேக்காது. இவகிட்டச் சொன்னா உம் கொட்டறா, அவளுக்குத் தெரியாதுல்லங்க. உங்களுக்குத் தெரியும்.”

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியாது. எந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டாலும் தெரியாது. அந்தப்பக்கம் அவர் காத்திருந்தார், அவருக்குப் பின்னால் எல்லாம் தெரிந்த அவருடைய பெண்டாட்டி காத்திருந்தாள்.

“கேக்கும்ணே,” என்றாள் மங்கை. “படுத்தா அதேதான் கேக்கும்.”

“பாத்தீங்களா? அதைக் கேட்டுட்டே படுத்திருந்தா, நம்ம ஒருத்தனுக்குத்தான் இப்படின்னு இருக்கும். சரி, உங்களுக்கும் கேக்குதுன்னா சரி. ஏ பூங்கோத, சட்டையை எடு. காரு எடுக்கச் சொல்லு.”

மெத்தை முனகல், செருப்பைத் தேடுகிற சத்தம், யாரோ எதையோ நகர்த்துவது. போன் கை மாறியது. மங்கை காத்திருந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாளா, திட்டு வரும் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை. இரண்டில் எது வந்தாலும் அழுதிருப்பாள்.

“சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குள்ள எழுதிப் போட்ருங்க,” என்றாள் பூங்கோதை, வேலைக்கு ஆள் வைத்தவள் நேரம் சொல்கிற குரலில். “மறந்தராதீங்க. அப்பறம் அந்த போட்டோவை எடுத்துருங்க. அவரு இன்னும் சரியாப் பாக்கலை.”

வைத்துவிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. இனிமேல் அவள் கேட்க மாட்டாள் என்பது மங்கைக்குப் புரிந்தது. பதினோரு மாசம் தனக்காகச் சொன்னதை இனிமேல் யாருக்காகவோ சொல்ல வேண்டும். நிறுத்தவும் முடியாது. குணமாகவும் முடியாது. அவள் படத்தைத் தேடி அழித்தாள், நீலப் பூவும் பல் தெரிந்த சிரிப்பும் ஒரு தடவை பெரிசாகத் தெரிந்துவிட்டுப் போயின. ‘மத்தியான முறை. கிளம்பிட்டேன்’ என்று எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேர் கும்பிட்ட கையைப் போட்டார்கள். போனை டப்பாவில் போடவில்லை, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பாயில் சாய்ந்து இடது கையைத் தலைக்குக் கொடுத்துக் காதை முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தினாள். ரொம்ப நேரம் கேட்டாள். ஒன்றுமில்லை. உள்ளே எல்லாம் நல்லபடியாக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கீழே அண்ணி மறுபடி தூங்கியிருக்க வேண்டும், மேகம் அதே இடத்தில் நின்றது, எங்கேயோ ஒரு கார் கவுந்தப்பாடியை விட்டுக் கிளம்பியிருக்கும்.

நாலு மணிக்கு எழுந்து வெளியே வந்தாள். மழை வராது என்று தெரிந்துவிட்டது, தொட்டிகள் காய்ந்திருந்தன. பூவாளியை நிறைத்து, பழக்கத்தில் இடது கையை நீட்டி, பிடியைத் தொட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சுற்றி ஒரு மாடியிலும் ஆள் இல்லை. வலது கையால் தூக்கினாள். தூக்கத் தெரியாமல் தூக்கியதில் தண்ணீர் தளும்பிக் காலெல்லாம் நனைந்தது, சிறகு அவரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கொட்டிவிட்டது. சனிக்கிழமைக்குள் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வாளிக்குத் திரும்பி நடந்தாள்.